நண்டுக்கையனுக்கு ஒரு பூசை

லண்டனில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு, நாங்கள் குருநகரில் இன்னும் சிரட்டையில்தான் தேத்தண்ணீர் குடிக்கிறோம் என்ற நினைப்பு. இல்லாவிட்டால் யாராவது கப்பலில் கோப்பையும் சாசரும் அனுப்புவார்களா? சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது. நான் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். பெட்டி வந்து இறங்கியதும் அம்மா கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இன்றுவரை அவற்றில் ஒருவரும் ஒரு மிடறு குடித்ததில்லை. எனக்குக் கோப்பைகளில் அக்கறை இல்லை. அவற்றைச் சுற்றியிருந்த தாள்களில்தான் என் கண் போனது.

படக்கதைத் தாள்கள். ஆங்கிலம். பெரியம்மாவின் பேரன் வாசித்துவிட்டுக் கிழித்த புத்தகமாக இருக்க வேண்டும். கசங்கிய தாள்களை விரித்து, மெல்லிய சூட்டில் அயர்ன் பண்ணி, பக்க எண் பார்த்து அடுக்கினேன். இடையிடையே பக்கங்கள் இல்லை. அவை எந்த வீட்டுக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு எங்கே போயினவோ! எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கண்ணால் கண்டிராத அந்தப் பேரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டுதான் அடுக்கினேன்.

கதை இதுதான். ஒரு பெரிய சிறைச்சாலை. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் உலகத்தைப் பிடித்து ஆட்டிய வில்லன்கள். உலகத்தைக் காக்க வேண்டிய வீரர்களோ, முதுகில் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கிற அந்த ஆட்கள், ஒரு மந்திரத்தில் மாட்டுப்பட்டுக் கண்ணாடிச் சாடிகளுக்குள் நித்திரை. ஆகவே ஆபத்து வந்தால் போவதற்கு நல்லவன் ஒருவனும் இல்லை. சிறையின் உச்சி அறையில் இருக்கும் சூனியக்காரி ஒருத்தி, வில்லன்களைத்தான் ஒவ்வொருவராகத் திறந்துவிட்டு மாய வேலைகளுக்கு அனுப்புவாள். நிலவின் கண்ணீரை எடுத்து வா, பேசும் மலையை ஊமையாக்கிவிட்டு வா என்பாள். முடித்துவிட்டு வந்தால் விடுதலை. முடிக்காவிட்டால் ஆளே இல்லை.

இப்போது நான் நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் இப்படிப்பட்ட கதைகளைப் போனில் பார்க்கிறார்கள். முடிவு வருவதற்கு முன்னமே அடுத்ததுக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கதையின் முடிவு தெரியாமல் வளர்ந்த ஆம்பிளைகள் சோறு இறங்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தப் பெட்டி வருவதற்கு ஒரு வருடம் முன்னால் எங்கள் வீட்டில் ஒரு பெயர் இல்லாமல் போயிருந்தது. என் அண்ணையின் பெயர். அவன் அப்பாவின் வள்ளத்து எஞ்சினை ஒரு நாள் கழற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டான். அவுஸ்திரேலியாவுக்கு ஆள் ஏற்றுகிற படகில் இடம் பிடிக்கத்தான். அந்தப் படகும் வரவில்லை, ஏற்றுகிறேன் என்ற ஏஜென்சிக்காரனும் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. வீட்டுக்குத் திரும்ப முகம் இல்லாமல் அண்ணை நீர்கொழும்பில் நின்றுவிட்டான். ஐஸ்கட்டி ஏற்றி இறக்குகிறான் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். சொந்த வள்ளம் ஓடிய அப்பா, பல வள்ளங்களுக்கு முதலாளியான சம்மாட்டியாரின் வள்ளத்தில் கூலிக்குப் போகத் தொடங்கினார்.

"அவன்ரை பேரை இந்த வீட்டில ஒருத்தரும் எடுக்கக்கூடாது," என்று அப்பா ஒருமுறைதான் சொன்னார். அவர் ஒருமுறை சொன்னால் அது சொன்னதுதான். பகல் முழுக்க அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வேலை செய்த அம்மா, அன்றோடு வாயை மூடிக்கொண்டார். பின்னேரச் செபமாலையின் முடிவில் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி மாதாவிடம் ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம். அப்பாவின் பெயருக்கும் என் பெயருக்கும் இடையில் அம்மா கொஞ்சம் நிற்பார். ஒன்றும் சொல்லமாட்டார். நிற்பார், அவ்வளவுதான். எனக்கு அப்பாவின் மேல் அப்படியொரு ஆத்திரம் வரும். அண்ணையின் மேலும்தான்.

எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் சம்மாட்டியாரின் வாடி. வலைகளும் கயிறுகளும் போட்டு வைக்கிற பெரிய கொட்டில். பின்னேரங்களில் அங்கேதான் அப்பாவும் மற்றவர்களும் கிழிந்த வலை பொத்துவார்கள். தேத்தண்ணீர் கொண்டு போவது என் வேலை. ஒரு நாள் போத்தலை வைத்துவிட்டு, ஒரு மூலையில் இருந்து அந்தத் தாள்களை வாசித்தேன்.

"என்ன பிள்ளை உது?" என்று கேட்டார் சம்மாட்டியார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"கதைப் புத்தகம். வில்லன்மாரைப் பற்றினது."

"எங்களுக்கும் சொல்லன். இஞ்ச இருக்கிற வில்லன்மாரும் கேக்கட்டும்."

அப்படித்தான் தொடங்கியது. நான் ஒவ்வொரு பின்னேரமும் ஒன்றிரண்டு தாள்களைத் தமிழில் சொல்வேன். அவர்களின் விரல்கள் வலையில் ஓடிக்கொண்டிருக்கும், காதுகள் என்னிடம். ஆங்கிலப் பெயர்கள் அவர்கள் வாயில் நிற்கவில்லை. எங்கள் கரையில் ஞானஸ்நானப் பெயர் கோயிலுக்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் பட்டப்பெயர்தான். ஆகவே வில்லன்களுக்கும் பட்டப்பெயர் வைத்தார்கள். நெருப்பு ஊதுகிறவள் அடுப்படியாள் ஆனாள். வலது கைக்குப் பதிலாகப் பெரிய நண்டுக் கால் முளைத்திருந்தவன் நண்டுக்கையன்.

கதை சொல்ல விட்டால்தானே! அப்பாவோடு தொழிலுக்குப் போகிற மாமா ஒருவர் இருந்தார். வாய் ஓயாது. "உந்தப் படத்தில பாய் கட்டினது பிழை, காத்து இஞ்சாலை அடிக்கேக்க வள்ளம் கவிண்டிடும்," என்பார். "நல்லவங்கள் எல்லாம் சாடிக்குள்ள படுத்துக் குறட்டை விடுறாங்கள், கெட்டவன் போய் வேலை செய்யிறான், இதென்ன நியாயம்?" என்பார். "மாமா, நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?" என்று தாள்களை மடித்து எழும்பிவிடுவேன். "இரு பிள்ளை, இரு. இந்தக் கோதாரி இனி வாய் திறவாது," என்று சம்மாட்டியார் கெஞ்சுவார். ஊரில் எல்லாரும் பயப்படுகிற மனுசன் என்னைக் கெஞ்சுகிற அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! அந்தப் பின்னேரங்களைப் போல எனக்கு வேறொன்றும் வாய்க்கவில்லை.

நண்டுக்கையன் சிறைக்கு வந்த காரணம் ஒரு தாளில் இருந்தது. தன் ஊரின் கரையில் இருந்த மணியைக் களவெடுத்து விற்றவன் அவன். புயல் நேரம் வள்ளங்களுக்கு வழிகாட்ட அடிக்கிற மணி. அதைச் சொன்னதும் சம்மாட்டியார் காறித் துப்பினார். கடலில் போகிறவர்களுக்கு அது சின்னக் குற்றம் இல்லை.

"கை வைச்சவன் கை வைச்சவன்தான்," என்றார் அப்பா. தலை நிமிரவில்லை. "அவனை எதுக்கு வெளியில விடுறாள் அந்த மனிசி?"

ஆனால் போகப் போக அப்பா மாறினார். நண்டுக்கையனுக்குக் கிடைத்த வேலைதான் எல்லாவற்றிலும் மோசமானது. கரையே இல்லாத ஒரு பனிக்கடலைத் தாண்டி, அணையாத விளக்கு ஒன்றை எடுத்து வர வேண்டும். போகிற வழியில் அவன் படாத பாடு பட்டான். கூட வந்தவன் காட்டிக்கொடுத்தான். வள்ளத்து அடிப்பலகை பிளந்தது. அந்த நண்டுக் கையை ஓட்டைக்குள் கொடுத்துத் தண்ணீரை அடைத்துக்கொண்டு, மற்றக் கையால் துடுப்பு வலித்தான். அப்பா வலை ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தோடு தாள்கள் முடிந்துவிட்டன. பனிக்குள் ஒரு பாதி வள்ளம், ஒரு கை. அதுதான் கடைசிப் படம்.

"பிறகு?" என்றார் சம்மாட்டியார்.

"பிறகு இல்லை."

"இல்லையெண்டால்? கோப்பை எல்லாத்தையும் பாத்தியே? சாசருக்குக் கீழ?"

"எல்லாம் பாத்தாச்சு."

மாமா வழக்கம்போல் வாயைத் திறந்தார். "அவன் செத்திருப்பான். களவெடுத்தவனுக்கு ஏன் கரை? கடலம்மா கணக்குத் தீர்த்திட்டா."

அப்பா வலையை உதறிவிட்டு எழும்பினார். "என்ன கதை கதைக்கிறாய்? களவெடுத்தவன் எண்டாப்போல கடலில விட்டிடுறதோ? உவன் வருவான். அவனுக்கும் ஒரு கரை இருக்கும். பாத்துக்கொண்டிருக்க ஆக்களும் இருப்பினம்." குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டவர் மாதிரி, விறுவிறென்று நடந்து இறங்குதுறைப் பக்கம் போய்விட்டார்.

வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் வந்தபோது கத்தி கையில் அப்படியே நின்றது. "அப்பா ஆரைச் சொன்னவர்?" என்று கேட்டார். "நண்டுக்கையனை," என்றேன். அவன் யார், எந்த இடத்தில் நிற்கிறான் என்று முதலில் இருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு மிச்ச மீனை வெட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. எங்கள் கோயிலுக்குச் சுவாமியார் புதிதாக மாறி வந்திருந்தார். வயலும் குளமும் உள்ள ஊர்ப் பக்கத்து ஆள். வந்த கிழமையே ஒரு நோயாளியின் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி வீடு கேட்டு, குருநகர் முழுக்க அலைந்து, ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாமல் திரும்பியவர். அதன் பிறகு பாவம், யார் எந்தப் பட்டப்பெயரைச் சொன்னாலும் அப்படியே ஏற்றுக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தார். மன்றாட்டு நேரம், அன்றைய பூசை எந்தக் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று கணீரென்று சொன்னார்.

"கடலுக்குப் போய் இன்னும் கரை சேராமல் இருக்கும் நம் சகோதரன் நண்டுக்கையன், சுகமாய் வீடு திரும்ப வேண்டுமென்று மன்றாடுவோம்."

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைக் கண்டதும், பூசைக்குக் காசும் அந்தப் பெயரும் கொடுத்தது அம்மாதான் என்று விளங்கிவிட்டது. அண்ணையின் பெயரைத்தானே எடுக்கக்கூடாது? அம்மா அதை எடுக்கவில்லை.

ஆனால் அம்மாவும் நானும் யோசிக்காத ஒன்று இருந்தது. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. சனி இரவுக்குள் எல்லா வள்ளமும் கரைக்கு வந்துவிட வேண்டும். ஞாயிறு காலையில் ஒருவன் வரவில்லை என்றால் அவனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அப்படியான நேரத்தில் யாருடைய பிள்ளை, எந்தச் சம்மாட்டியின் ஆள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இருக்கிற வள்ளம் எல்லாம் இறங்கும். தேடிப் போனால் ஆளில்லாமல் திரும்புவதும் இல்லை.

ஆம்பிளைகள் பக்கத்தில் இருந்த வாங்குப் பலகைகள் அசைந்தன. "ஆரது? கொய்யாத்தோட்டத்து ஆளோ?" "எப்ப போனவனாம்?" முடிவுப் பாட்டுக்கு முன்னமே பாதிப் பேர் வெளியில். நாங்கள் துறைக்கு ஓடி வந்தபோது, வெள்ளைச் சேட்டும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக எண்ணெய்க் கலன்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எஞ்சின்கள் உறுமுகின்றன. சுவாமியார் அங்கியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நிற்கிறார். இரண்டு வள்ளம் தண்ணீருக்குள் இறங்கியும் விட்டன.

வாய் ஓயாத அந்த மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், நிப்பாட்டுங்கோடா! அது புத்தகத்தில வாற ஆளடா! எங்கடை வாடியில இவள் வாசிக்கிற பேய்க்கதையடா!" என்று என்னைக் காட்டினார்.

எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவரும் சிரிக்கவில்லை. எதை வைத்தும் பகிடி விடலாம், கடலில் ஒருவன் தவிக்கிறான் என்று மட்டும் விடக்கூடாது. அது எங்கள் ஊரில் மன்னிக்கிற விஷயம் இல்லை.

"ஆர் இந்த வேலை பாத்தது?" என்றான் வள்ளத்தில் நின்ற ஒருவன். "கோயிலுக்குள்ள வைச்சுப் பகிடியோ?" எல்லாக் கண்களும் என்மேல்.

"நான்தான் பூசை குடுத்தனான்," என்றார் அம்மா.

என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றார். அம்மா துறையில் ஆம்பிளைகளுக்கு நடுவில் குரல் எடுத்துக் கதைத்ததை அன்றுதான் கேட்டேன்.

"ஆருக்காக?" என்று கேட்டார் சம்மாட்டியார். மெதுவாகத்தான் கேட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கொஞ்சம் தள்ளி, கையில் எண்ணெய்க் கலனோடு நின்றார். ஓம், அவரும் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார். அது யாருடைய பெயர் என்று நன்றாகத் தெரிந்த மனுசன், தெரிந்துகொண்டே கலனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அவர் மட்டும் வாயைத் திறக்காவிட்டால் அம்மா அந்தக் கரையில் விசரியாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அம்மா கோயிலுக்கே போயிருக்கமாட்டார்.

அப்பா கலனைக் கீழே வைத்தார்.

"என்ரை மோனுக்காக," என்றார். "அவன் கடலில இல்லை. நீர்கொழும்பில நிக்கிறான். நான்தான் அவன்ரை பேரை எடுக்கவேண்டாம் எண்டனான்."

மாமா சிரிப்பை விழுங்கிவிட்டு நிலத்தைப் பார்த்தார். சுவாமியார்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப நான் பிழையாய் வாசிச்சிட்டனோ?"

"இல்லைச் சுவாமி, சரியாய்த்தான் வாசிச்சனீங்கள்," என்றார் சம்மாட்டியார். பிறகு அப்பாவைப் பார்த்து, "கடலில எண்டால் என்ன, றோட்டில எண்டால் என்ன? கரை சேராதவன் சேராதவன்தானே. தேட வெளிக்கிட்டாச்சு. இனி ஆளில்லாமல் நாங்கள் திரும்பிறேல்லை. வா, வானைப் பிடிப்பம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடேயே அப்பாவும் சம்மாட்டியாரும் மாமாவும் வான் ஏறினார்கள். போன இடத்தில் நடந்ததைச் சம்மாட்டியார்தான் பிறகு எனக்குச் சொன்னார். ஐஸ் கொம்பனி வாசலில் அண்ணை ஒரு கட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றிருக்கிறான். ஐஸ் உருகி முதுகால் ஓடுகிறது, இறக்கவும் தெரியவில்லை. அப்பாவுக்கும் பேச்சு வரவில்லை. இரண்டு பேரும் ஒரே குணம், வேறென்ன! கடைசியில் மாமாதான், "டேய், உன்னைத் தேடி ஊரே கடலுக்கு இறங்கினதடா, மூதேவி," என்று சொல்லி ஐஸ்கட்டியை வாங்கி இறக்கி வைத்தாராம். அந்த வாயால் ஆன நன்மை அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் வான் எங்கள் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. அப்பா முன்னால் வந்தார். அண்ணை வேலிப் படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். மெலிந்து, கறுத்து, ஒரு சின்னப் பையோடு நின்றான். உள்ளே வரக் கால் எழவில்லை. அம்மா குசினி வாசலில் நின்றார். அவருக்கும் கால் எழவில்லை. நான் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல, நாலு அறை விடவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் அப்பா அம்மாவிடம். "பேரைச் சொல்லிக் கூப்பிடன்."

அம்மா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒரு வருடமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்த பெயர், வெளியில் வரவில்லை. மறுபடியும் முயன்றார். காற்றுத்தான் வந்தது. சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அப்பா படலைப் பக்கம் திரும்பினார். கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுகிற அந்தப் பெரிய குரலில், என் அண்ணையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஓம் அப்பா," என்றான் அண்ணை.